கோடு இறங்கும் நேரம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

அம்மா நலம் என்று எழுத ஆசைதான். எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருக்கிறது.

நீ செய்து அனுப்பிய சத்தமானியை மாட்டிவிட்டேன். கட்டிலருகே மைக், அடுப்படியில் திரை. அம்மா கூப்பிட்டால் பச்சைப் பட்டை எழும்புகிறது. அது தொட்ட உச்சத்தில் ஒரு சிவப்புக் கோடு நிற்கிறது. ஆனால் நான் அடுப்பிலிருந்து திரும்புவதற்குள் கோடும் இறங்கிவிடுகிறது. நேற்று தற்செயலாக எட்டிப்பார்த்தால் அம்மாவின் உதடு கோபமாக அசைகிறது: "எத்தனை தடவைடா கூப்பிடறது?"

ஊரார் பாட்டையெல்லாம் பதிவு செய்தவனுக்குப் பெற்றவள் குரல் கேட்கவில்லை. நான் பார்க்கும்வரை அந்தக் கோட்டைப் பிடித்து நிறுத்த முடியாதா?

உன் தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

காது போனதற்கு நீ என்னடா செய்வாய்? மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

கோட்டை இறங்கவே விடாமல் செய்தால் வேறு வம்பு. ஒரு கரண்டி விழுந்தால் போதும், கோடு உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் அம்மா மெல்லக் கூப்பிட்டது உனக்குத் தெரியவே தெரியாது. அதனால் நிரலை இப்படி மாற்றி அனுப்பியிருக்கிறேன்: கோடு சற்று நின்று, மெதுவாக இறங்கும். பேச்சளவுக்கு எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓரத்தில் ஒரு புள்ளி விழும். நீ விரலால் தொட்டால்தான் அது அழியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

அம்மா காரியமெல்லாம் முடிந்து நீ கிளம்பிய பிறகு வீடு பெரிதாகிவிட்டது. கட்டிலைப் பிரித்து வைத்துவிட்டேன். மைக்கை எடுக்க மட்டும் கை வரவில்லை.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? காலையில் எழுந்து அடுப்படிக்குப் போனால் திரையில் ஒரு புள்ளி. கோடு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. அம்மா கூப்பிட்டால் எங்கே நிற்குமோ, ஏறத்தாழ அங்கிருந்து. அழித்தேன். மறுநாளும் விழுந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. எலி கிலி எதுவும் இல்லை.

பயமில்லை அக்கா. ஓடிப்போய்ப் பார்க்கிறேன், யாருமில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி

ஜூலை 29

அன்புத் தம்பிக்கு,

என் நிரலில்தான் கோளாறு என்று நினைத்துக் குடைந்து பார்த்தேன். அதேபோல் இன்னொன்றை இங்கே அமைதியான அறையில் வைத்தேன். ஒரு புள்ளிகூட விழவில்லை. அந்த அறையின் சத்தத்தைச் சில நாள் பதிவு செய்து அனுப்பு. உனக்குத் தெரியாத வேலையா?

தனியாக இருந்து எதையாவது கற்பனை செய்துகொள்ளாதே.

அக்கா

ஆகஸ்ட் 15

என் கண்ணு,

பதிவு வந்தது. கொஞ்சம் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். மறைக்க மனம் வரவில்லை.

அது உன் குரல்டா.

தினமும் காலையில் காலடிச் சத்தம் வந்து அறை வாசலில் நிற்கிறது. "அம்மா, எந்திரிச்சிட்டியா?" என்று கேட்கிறாய். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறாய். பிறகு அடுப்படிப் பக்கம் நடக்கிறாய். உன் குரல் உனக்கே கேட்காததால், பழக்கத்தில் பேசியதே உனக்குத் தெரியவில்லை.

புள்ளி விழாதபடி மாற்றித் தரட்டுமா? அல்லது நான் கிளம்பி வரட்டுமா?

அக்கா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். திரையைக் கொண்டுபோய் அந்த வாசலில் வைத்து, தொண்டையில் கை வைத்தபடி கூப்பிட்டேன். விரலில் அதிர்வு தெரிந்தது. கோடு அதே உயரத்துக்குப் போய் நின்றது. சரிதான், நான்தான்.

எதையும் மாற்றாதே. புள்ளி விழட்டும்.

கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். காரணமில்லாமலா நிற்பேன்? அந்த இடைவெளியில் ஏதாவது கேட்கிறதா அக்கா? கோடு என் சத்தத்தில் ஏறி நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே, புள்ளி விழாத அளவுக்கு மெல்ல ஏதாவது வந்து போனால் எனக்குத் தெரியாது. உனக்குக் காது இருக்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்து இன்னொரு தடவை கேள்.

எதுவும் இல்லையென்றால் அதை எழுத வேண்டாம். கிளம்பி வா.

தம்பி