அத்தானின் அகல டயர் வண்டி

அத்தான்,

நான்கு நாளைக்கு முன்னால் உங்கள் கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினேன். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த இடம். கியர் ஆயில் வாடையும் எலிப்புழுக்கை வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பழைய இரும்பு எடுக்கிறவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, லாரியா, ஜீப்பா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் உயிரோடு இருந்தபோதே இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடிந்ததில்லை.

செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. அக்கா புருஷனைக் கேலி பண்ண மச்சினனுக்கு இருக்கிற உரிமை, ஆள் போய்விட்டால் மட்டும் ரத்தாகிவிடுமா என்ன?

மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று நீங்கள் வந்து இறங்கினீர்கள். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் குடவாசலில் ஒரு கடை வைப்பார்கள், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மா நிலம் வாங்குவார்கள். நீங்கள் எங்கோ ஏலத்தில் எடுத்த, கதவில்லாத, அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோன ஒரு பழைய ஜீப்பை லாரியில் ஏற்றி வந்து இறக்கினீர்கள். "நாலு சக்கரமும் இழுக்கும் மாப்ள. மலை, மணல், பாறை எதுவா இருந்தாலும் ஏறும். அங்க வெள்ளிக்கிழமையான்னா பாலைவனத்துல இந்த மாதிரி வண்டியத்தான் ஓட்டுவானுங்க. நானே என் கையால ஒண்ணு கட்டப் போறேன்" என்றீர்கள்.

எந்த மலை அத்தான்? நம் ஊரில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் ஆற்றங்கரையை விட உயரமாகத் தெரிவது கோயில் கோபுரமும் செல்போன் டவரும்தான். இதில் நீங்கள் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை இடுப்புயரம் தூக்கினீர்கள். பின்பக்கத்தை அறுத்தெறிந்துவிட்டு லாரி மாதிரி ஒரு தொட்டி கட்டினீர்கள். முன்னால் ரயில் தண்டவாளம் கணக்காக ஒரு இரும்பு பம்பர். கூரை மேல் எட்டு லைட். போர்வெல் பைப்பை வளைத்து, இன்ஜினுக்குக் காற்றுப் போகிற குழாயாகக் கூரைக்கு மேலே தூக்கி வைத்தீர்கள். வெள்ளத்தில் இறங்கினாலும் இன்ஜினுக்கு மூச்சு முட்டாதாம். மேட்டூர் திறந்து ஒரு மாசம் ஆகியும் வாய்க்காலில் கணுக்கால் நனையாத ஊர் இது. நிஜமாகவே வெள்ளம் வந்த ஐப்பசியில் நீங்கள் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை, வெல்டிங் ராடு நமுத்துப்போகும் என்று.

இப்படி மாற்றிக் கட்டிய வண்டியைத் தார் ரோட்டில் ஏற்றினால் போலீஸில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, ஏற மலையும் இல்லை, ஓட ரோடும் இல்லை. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக இரண்டு வருஷம் உட்கார்ந்து குதிரையைச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் சொந்த டிராக்டர் வைத்து, கூலிக்கு உழவு ஓட்டிப் பிழைக்கிறவன். சுற்றுவட்டத்தில் என் சக்கரம் இறங்காத வயல் இல்லை. ஒரு நாள் டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, "டிராக்டர் ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா? மாட்டப் பத்திக்கிட்டுப் போற மாதிரிதான். சேத்துலயே பொறந்து சேத்துலயே உழலுறீங்க" என்றீர்கள். பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நாலு நாள் மணலில் வண்டி ஓட்டியவருக்கு இவ்வளவு மிதப்பா என்று அன்றைக்கு உங்கள் மேல் ஏறிய கடுப்பு பிறகு இறங்கவே இல்லை.

அக்கா மட்டும் வேறு கணக்கில் இருந்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் லீவுக்கு லீவு ஒரு மாசம்தான் அவளுக்குப் புருஷன். இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நீங்கள் கிரைண்டர் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எது, பதினேழு எது என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அவள் தேறிவிட்டாள். ஒரு நாள் கொல்லையில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நீ கிண்டல் பண்றது எனக்குத் தெரியும்டா. பண்ணிக்க. ஆனா அந்த வண்டிய மட்டும் கெடுத்துடாத. அது ஓடுற வரைக்கும் அவரு பெட்டியக் கையில எடுக்க மாட்டாரு. அது நின்னுச்சுன்னா மறுபடியும் போயிடுவாரு." நான் தலையை ஆட்டினேன்.

டயர் வந்து இறங்கிய சாயங்காலம் நினைவிருக்கிறதா? ஒவ்வொன்றும் முக்கால் முழத்துக்குக் குறையாத அகலம், பார்சல் லாரியில் வந்தவை. நீங்கள் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தீர்கள். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டீர்கள்.

"மாப்ள, நம்ம மண்ணுக்கு இது சரியா வருமா? மணல்ல காத்தக் கொறைச்சு விட்டா அப்படியே மெதந்து போவும். இங்க எப்படி?"

சரியாக வராது என்று எனக்குத் தெரியும். நம் வயலில் மேலே அரையடி, முக்காலடிதான் சேறு. அதற்குக் கீழே தலைமுறை தலைமுறையாக உழுது மிதித்து இறுகிய கெட்டித் தரை இருக்கிறது. ஒடுக்கமான சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அந்தத் தரையைப் பிடிக்கும். அதனால்தான் டிராக்டருக்கு நாங்கள், பட்டை பட்டையாகச் சேற்றைக் கிழிக்கிற இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறோம். அகல டயர், அதுவும் காற்றைக் குறைத்த டயர், தரையைத் தொடாமல் சேற்றின் மேலேயே வழுக்கிச் சுற்றும். சுற்றச் சுற்றக் குழி பறித்து வண்டியின் வயிற்றைத் தரையில் உட்கார வைத்துவிடும். நம் ஊரில் ஏர் தொட்ட எவனுக்கும் தெரிந்த சங்கதி இது. உங்களுக்குத்தான் தெரியாது, பதினெட்டு வருஷம் மணலைப் பார்த்தவர்.

இவ்வளவும் தெரிந்தும் நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டேன். "பாலைவனத்துலயே ஓட்டுனவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா அத்தான்?" என்றேன். நீங்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அந்தத் தை மாதம் அறுப்பு நேரத்தில் இரண்டு நாள் மழை அடித்தது. நம் ஊர் ராஜமாணிக்கம் நெல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் வயல் நடுவில் சிக்கிக்கொண்டது. மேலே மறுபடியும் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் போன் வந்தது. கேஜ் வீலை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் நீங்கள் எட்டு லைட்டையும் பட்டப்பகலில் எரியவிட்டுக்கொண்டு வரப்போரம் நின்றீர்கள். ராஜமாணிக்கம் என்னைத்தான் பார்த்தார். "அதான் அத்தான் வந்துருக்காங்கல்ல, அவங்க இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் வரப்பில் உட்கார்ந்துகொண்டேன்.

நீங்கள் குனிந்து நாலு டயரிலும் காற்றைக் குறைத்தீர்கள். வயலில் இறங்கி இருபது அடி போயிருப்பீர்கள். பின்சக்கரம் சேற்றை வாரி வரப்பில் நின்றவர்கள் மேலெல்லாம் அடித்தது. நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி உட்கார்ந்தது, எருமை உட்காருகிற மாதிரி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். ஊர் முழுக்கச் சிரித்தது. போனில் படம் பிடித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். பிறகு எழுந்து போய் முதலில் டிரெய்லரை இழுத்தேன், கடைசியாக உங்களை இழுத்தேன். அந்த வரிசைகூட வேண்டுமென்றே வைத்ததுதான்.

நீங்கள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிறைவாக இருந்திருக்கும். முகத்தில் வழிந்த சேற்றைத் துடைத்துவிட்டு, "நல்லா இழுத்த மாப்ள" என்றீர்கள். மறுநாள் முழுக்க வண்டியைக் கழுவினீர்கள். ஷெட்டுக்குள் விட்டு ஷட்டரை இறக்கினீர்கள். டீக்கடைப் பக்கம் வரவில்லை. பங்குனியில் நீங்கள் பழைய கம்பெனிக்குப் போன் பண்ணியதாக அக்கா வந்து அழுதாள்.

திருச்சி விமான நிலையத்துக்கு உங்களை நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை இறக்கும்போது கேட்டீர்கள்: "அந்த டயரு நம்ம மண்ணுக்கு ஆவாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா மாப்ள?"

"எனக்கென்ன தெரியும் அத்தான்? மாட்டப் பத்துற மாதிரி வண்டி ஓட்டுறவன்தான நான்."

"அதுவும் சரிதான்" என்றீர்கள். தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். ஒன்றரை வருஷம் கழித்து அதே விமான நிலையத்தின் சரக்கு வாசலில் கையெழுத்துப் போட்டு உங்களை வாங்கினேன். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று காகிதத்தில் எழுதியிருந்தது.

நான்கு நாளைக்கு முன்னால் அந்த இரும்புக்காரரை வரச் சொன்னது அக்காதான். அவர் கேஸ் கட்டரை எடுத்து வைத்தபோது அவள் ஷெட் வாசலில் நின்று சொன்னாள்: "துண்டு துண்டா அறுத்து எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரர வீட்ல இருக்க விடாம வெரட்டுனது இந்தச் சனியன்தான்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு நன்றாகப் பழகின வேலைதான் அது. ஆனால் அவள் அந்தக் கதவில்லாத வண்டியை முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. "வண்டி மேல தப்பு இல்லக்கா. டயருதான் தப்பு. அது எனக்கு முதல்லயே தெரியும்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அவரு உங்கிட்ட கேட்டாரா?"

"கேட்டாரு."

"நானும் உங்கிட்ட சொல்லியிருந்தேன்ல?"

"சொல்லியிருந்த."

என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்தால் முறைப்பாளே, அந்தப் பார்வை இல்லை. முன்பின் தெரியாத ஒருவனைப் பார்க்கிற பார்வை. பிறகு இரும்புக்காரரிடம், "நீங்க போங்கண்ணே, இத அறுக்க வேணாம்" என்றாள். என்னிடம், "உன் டிராக்டர்ல கட்டி இழுத்துக்கிட்டுப் போ. உன் வாசல்ல நிக்கட்டும். தெனம் காலையில எழுந்திருச்சு அது மூஞ்சியில முழி" என்றாள்.

இழுத்து வந்துவிட்டேன். பாதி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்னப்பா, உங்க அத்தானுக்குப் பொறவு நீ மலையேறப் போறியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சளைக்காமல் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், அவர் கட்டிய வண்டியில் குறை இல்லை, டயரைப் பற்றி என்னிடம் கேட்டார், நான்தான் தெரிந்தும் சொல்லவில்லை என்று. யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். செத்தவருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்து என்னைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு பெரிய முட்டாள் என்று உங்களைப் பற்றி வருஷக்கணக்காக அவர்களுக்குச் சொல்லி வைத்தவன் நான்தானே, அத்தான்.