ஈப் பெட்டியின் நீல வெளிச்சம்

மாப்ளே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் துடியலூர் பேக்கரி ஒன்றில் நாலு பேர் பார்க்க அழுதுவிட்டேன். கையில் தேங்காய் பன். எதிர்ச் சுவரில் ஈ பிடிக்கிற பெட்டி. அதற்குள் ஒரு நீல ட்யூப் உய்ங்கென்று எரிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர். மாஸ்டர் பதறிப்போய், "ஏனுங்க, பன்னுல ஏதாச்சும் கெடக்குதுங்களா?" என்றார். பன்னில் ஒரு குறையும் இல்லை. குறை உன்னிடம்.

என் மகள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது அவளுடைய இக்வானாவை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். சுவர்ப்பல்லி தோளில் விழுந்தாலே காலண்டரைத் திருப்பிப் பலன் பார்க்கிற ஆள் நான். முழ நீளப் பச்சை ஓணானுக்கு அப்பனானேன். "சூட்டுக்கு ஒரு பல்பு, எலும்புக்கு ஒரு ட்யூப்புப்பா. அந்த ட்யூப் பழசாயிருச்சு, மாத்திருங்க. வெயில்ல வர்ற அல்ட்ரா வயலட் அதுல வரோணும். இல்லீனா அது நடக்கவே முடியாம போயிரும்" என்றாள். ஃப்யூஸ் போடவே எனக்குக் கை நடுங்கும். ஆனால் ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்த நீ இருந்தாய்.

ஓணான் இருந்த வலை மூடிய பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஏனுங்க தம்பி, வெயிலு வேணுமுங்களா?" என்று அதனிடம் கேட்டாய். அது தலையை ஆட்டியது. "பாத்தியா, கஸ்டமரே ஆர்டர் குடுத்துட்டாரு!" ஒரு வாரத்தில், ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய, நீலமாய் எரியும் ட்யூபோடு வந்து மாட்டினாய். "மெட்ராஸ்ல இருந்து கொரியர்ல வந்துச்சுடா. ஒரிஜினல்." காசு நீட்டினேன். "பாப்பாளோட ஓணானுக்குக் காசு வாங்கற அளவுக்கு நான் கெட்டுப்போகலீடா" என்று முறைத்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி நெய்யை ஊற்றி ஊற்றி உனக்கு ஒப்புட்டு போட்டாள்.

போன ஆடியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாய். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அதைக்கூட மன்னித்தேன்.

அதன்பின் ஓணானுக்குப் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. ஏறி உட்காரும் கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தது. கால்நடை டாக்டரம்மா அதன் தாடையை அமுக்கிப் பார்த்து, "எலும்பு மெத்துன்னு ஆயிருச்சுங்க. ட்யூப் சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்றார். நான் சண்டைக்குப் போய்விட்டேன். "அது என்ற சிநேகிதன் மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சதுங்க! செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசாதீங்க!" வரிசையில் இருந்த நாய்களே குரைப்பதை நிறுத்திவிட்டன. "சரிங்க, நாளைக்குப் பொட்டியை ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க" என்றார் அவர்.

திரும்பும் வழியில்தான் அந்த பேக்கரி. அதே நீலம், அதே மஞ்சள் ஸ்டிக்கர். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த ட்யூப் எங்கே கிடைக்கும் என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"நம்ம வயரிங் அண்ணன் இருந்தா கேக்கலாமுங்க, பாவம், போய்ட்டாரு. போன வருசம் எங்க பழைய ட்யூபையே கழட்டிட்டுப் போனாருங்க. எதுக்குங்கன்னேன். 'ஒருத்தரு ஊட்ல ஓணானுக்கு டிஸ்கோ போடோணும்'னாரு." சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "அட, அந்த ஓணான்காரரு நீங்கதானுங்களா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தோள் குலுங்கத் திரும்பிக்கொண்டார்.

ட்யூப் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நானே தேடியிருப்பேன். அது எலும்புக்கு என்று உனக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். ஏமாற்றியதுகூடப் போகட்டும். நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊரைக் கிண்டலடித்தவர்கள். நான் எழுந்து போனதும் அதே பெஞ்சிலிருந்து என்னையே கிண்டலடித்திருக்கிறாய். அந்தப் பக்கம் எப்போதடா போனாய்? கேட்டால் பதில் சொல்லவும் ஆளில்லை. நல்ல ஏற்பாடுதான்.

இப்போது தினமும் காலையில் ஓணானைத் துண்டில் சுற்றி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வெயில் காட்டுகிறேன். அது என் தோளில் நகத்தைப் பதித்துக்கொள்கிறது; நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பின்னங்கால் கொஞ்சம் ஊன்றுகிறது. மகள் போனில், "மாமா போட்ட லைட்டு நல்லா எரியுதாப்பா?" என்று கேட்கிறாள். "எரியுது கண்ணு" என்கிறேன். அவள் மாமாவின் நல்ல பெயரையும் சேர்த்து நான்தான் சுமக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் ஃபோட்டோவைக் காட்டி உன் வண்டவாளம் முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஃபோட்டோவைப் பெரிதாக்கி, "ட்யூபுக்கும் ஓணானுக்கும் நடுவுல இந்தக் கண்ணாடியை யாருங்க வெச்சது?" என்றார். நீ வலைக்கு மேலே ட்யூபை மாட்டிவிட்டுப் போன அன்று மாலையே, ஓணான் என் மேல் தாவிவிடுமோ என்று பயந்து வலைக்கு அடியில் நான் சொருகியது. கண்ணாடி வழியாக அந்தக் கதிர் இறங்காதாம். நிஜமாகவே மெட்ராஸ் ட்யூபாக இருந்திருந்தாலும்.