என் மகன் கேட்ட மன்னிப்பு

ரொக்ஸ்பரோ, மொன்றியல்.

அன்புமிகு யசோதினிக்கு,

வணக்கம். மாமியின் கால் நோவு தணிந்ததா? அவரைப் பார்க்கும் அலுப்பில் நீ நேரத்துக்கு உண்கிறாயா? நாங்கள் மூவரும் நலம்.

சிறு செய்தி ஒன்று, கலங்காதே. நம் இளையவன் மாறன் பள்ளியின் உணவு மேசைமீது ஏறி, மேடையில் என்னைப் போலவே கை உயர்த்தி முழங்கியிருக்கிறான். பால் குவளைகள் உருண்டு வகுப்பே நனைந்துவிட்டதாம். ஆசிரியை என்னை அழைத்தார். எனக்குப் பிரெஞ்சு வராததால் எட்டு வயது மூத்தவன் எழிலனே மொழிபெயர்த்தான். குறையைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் எழுந்து நின்று, "துள்ளும் பிள்ளைகளைத் தூண்களாக்குவதா கல்வி?" என்று முழங்கினேன். எழிலன் பணிவாக ஏதோ சொன்னான். ஆசிரியை முகம் மலர்ந்து எனக்கு நன்றி கூறினார்.

வெளியே வந்ததும், "என்னடா சொன்னாய்?" என்றேன்.

"அப்பா மன்னிப்புக் கேக்கிறார் எண்டு சொன்னன். கோவமில்லை, அவர் எப்பவும் இப்பிடித்தான் கதைக்கிறவர் எண்டும் சொன்னன். இல்லாட்டித் தம்பிக்கெல்லோ கரைச்சல்?"

யசோதினி, மேடைகளில் தலைநிமிர்ந்து நின்றவன் அந்தப் பனித்தெருவில் தலைகுனிந்து நடந்தேன். நாற்காலி இரண்டே இருந்த ஆசிரியையின் அறையிலும் கைதட்டலுக்காகப் பேசியிருக்கிறேன்.

மாறனின் மற்றக் கையுறையை எங்கே வைத்தாய்? உனக்குப் பிரெஞ்சு தெரியுமே, மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தையும் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. அடுத்த வெள்ளியன்று ஆசிரியையை மீண்டும் பார்க்கும்போது எழிலனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நானே சொல்ல வேண்டும்.

கிடங்கு வேலைக்கு நேரமாகிறது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
குமணன்