அத்தா போட்ட கையெழுத்து

பிரியமுள்ள சுரையாவுக்கு, ஸலாம்.

கம்பெனி வேலைக்கு நைரோபிக்கு அனுப்பும் பட்டதாரி டிரெய்னிகளில் என்னையும் எடுத்திருந்தார்கள். நேற்று என் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் நீக்கிவிட்டார்கள். இந்தியப் பிரஜைகளுக்கு மட்டும்தானாம்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்து, பிரெஞ்சுப் பிரஜையா, இந்தியப் பிரஜையா என்று சர்க்கார் கேட்டபோது எனக்கு நாலு வயது. "எம் புள்ள சீமைக்குப் போவணும்பா" என்று பாகூர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அத்தா பிரெஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டார். இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார். எனக்கோ பிரெஞ்சில் ஒரு வார்த்தை வராது.

மெடிக்கலில் தோற்றுவிட்டேன் என்று அவரிடம் சொல். கண்ணில் கோளாறு என்றால் நம்புவார்.

நம் பிள்ளை பிறந்ததும் பிரெஞ்சு கான்சலேட்டில் பதியச் சொல்வார். பதிந்துவிடுவோம். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்.

வெறுங்கையோடு பஸ் ஏறும்,
உன் வீட்டுக்காரன்