உங்கள் எண்ணில் ஓடினேன்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் அத்தையும் நம் பெண்ணும் இங்கே சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள், ஆனால் கொஞ்சம் குழம்பிப் போயிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கைபேசிக்கு, 'வாழ்த்துகள், டயாலிசிஸ் மையத்துக்கான ஓட்டத்தை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள்' என்று ஒரு செய்தி வந்திருக்கும். துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருக்கிற மனிதர் இங்கே எப்படி ஓடினார் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஓடியது நான்தான். உங்கள் எண் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடினேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நம் போன் பேச்சு உங்களுக்குத் தெரியாததா? அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், பெண் பாதியில் பிடுங்கிக்கொள்வாள், நமக்கு மிஞ்சுவது 'சாப்பிட்டீங்களா', 'சரி, வெச்சிடறேன்' இரண்டும்தான். போன வாரம் அப்படிப் பேசித்தான் சொதப்பினேன். ஒப்பந்தம் முடியப் போகிறது, மறுபடியும் கையெழுத்துப் போடவா, ஊருக்கே வந்துவிடவா, மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். நானும் பெரிய இவள் மாதிரி 'உங்க இஷ்டம்' என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களோடு வேலை செய்யும் வெல்டர் லீவு முடிந்து நாளை மறுநாள் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டித்தான் தருவேன். மீறிப் பிரித்தால் படிக்கட்டும், அவருக்கும் வீட்டில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள்.

நான் ஏன் ஓடினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அங்கே போனதிலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் இந்த ஓட்டத்துக்கு அங்கிருந்தே பெயர் கொடுக்கிறீர்கள். மையத்துக்கு நம்மால் ஆனது போய்ச் சேரட்டும் என்பீர்கள். உங்கள் சிநேகிதர் நெட்டை, மருந்துக்கடையைச் சாத்திவிட்டுப் போய் அட்டையையும் பனியனையும் வாங்கிவந்து அத்தையிடம் கொடுப்பார். அத்தை அதைக் கொண்டுபோய் உங்கள் அலமாரியில், இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு மேல் வைப்பார். இந்த வருடமும் அப்படித்தான் வந்தது. உள்ளே வைக்கப் போனால் கதவு மூடவில்லை. யாரும் போடாத பனியன்கள் அவ்வளவு சேர்ந்துவிட்டன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் மேல்தான். வர முடியாத இடத்துக்கெல்லாம் இந்த மனிதர் பெயரை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது. அன்றைக்கே அந்த எண்ணை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் ஓடுவேன் என்பதே உங்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். கண்ணாடிக் கடையில் நாள் பூராவும் ஸ்டூலில் உட்கார்ந்து பிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முடிந்ததும் பள்ளி மைதானத்தில் நடக்க ஆரம்பித்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே தெரியாது. அத்தையிடம் மூச்சு விடவில்லை. நம் பெண்ணுக்கு மட்டும் தெரியும். ஓட்டத்தன்று காலையில் அவள்தான் அட்டையைக் குத்திவிட்டாள். உங்கள் அளவுப் பனியன் எனக்கு முட்டி வரை தொங்கியது. அம்மா, நீ நைட்டி போட்டுட்டு ஓடற மாதிரி இருக்கு என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அப்படியே உங்கள் சிரிப்பு.

நீங்கள் ஓடிய காலத்திலிருந்து வழி மாறவில்லை. மருத்துவமனை வாசலில் தொடங்கி, பஸ் டிப்போ, பாலம், மாவு மில், திரும்பவும் மருத்துவமனை. பாலத்து ஏற்றத்தில் விலா பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். பக்கத்தில் ஓடிய ஒரு பெரியவர் என் அட்டையைப் பார்த்து, அதில் அச்சடித்திருக்கும் உங்கள் பெயரையும் பார்த்து, இந்தப் பேரு பொம்பளைங்களுக்கும் வைக்கிறாங்களாம்மா என்று கேட்டார். வந்த சிரிப்பில் விலா வலி போய்விட்டது.

மாவு மில் தாண்டித் திரும்பினால் மையத்தின் மாடி ஜன்னல்கள் தெரியுமே, அங்கே சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. கையில் குழாயோடு உட்கார்ந்திருந்தவர்கள் இன்னொரு கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குச் சிகிச்சை நடந்த அந்த ஓர நாற்காலியில் கல்லூரிப் பெண் போல ஒருத்தி. நான் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அவள் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று. நீங்கள் போன பிறகு வந்த முதல் ஓட்டத்தன்று மாமா அந்த நாற்காலியில்தான் இருந்தார். அதற்கு முன்பெல்லாம் நீங்கள் ஓடி வருவதை அங்கிருந்துதான் பார்ப்பார். நீங்கள் ஊரில் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தும் கடைசி ஆள் போகிற வரை ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. அப்புறம் என்னிடம், இந்தத் தடவை ஒருத்தனுக்கும் ஒழுங்கா ஓடத் தெரியலம்மா என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த ஓட்டத்துக்கு அவர் இல்லை.

முடிவுக் கோட்டுக்கு வருகிறேன். அங்கே தரையில் ஒரு விரிப்பு இருக்குமே, அட்டைக்குப் பின்னால் இருக்கும் சிப் அதைத் தாண்டியதும் பெயர் திரையில் வரும், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் உங்கள் இன்னொரு சிநேகிதர் அதைப் பார்த்து மைக்கில் வாசிப்பார். இது எதுவும் என் மண்டையில் ஏறவே இல்லை. எப்படியாவது ஓடி முடித்து, சத்தமில்லாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். விரிப்பை மிதித்தேன். ஸ்டுடியோக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. திரையில் உங்கள் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார். நம்ம ஆளு வந்துட்டான்யா! ஒருத்தர்கிட்டயும் சொல்லாம வந்து ஓடியிருக்கான் பாருங்க, கை தட்டுங்கய்யா என்று, உங்கள் பெயரை முழுசாகச் சொல்லி, திரும்பத் திரும்பச் சொல்லி ஒரே கூச்சல். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. நெட்டை துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

அத்தை அங்கேதான் இருந்தார். வருகிறவர்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கும் மேசையில், நம் பெண்ணோடு. பெயர் காதில் விழுந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மூட்டு வலி, பிடித்துக்கொண்டு எழும் கைத்தடி, ஒன்றும் ஞாபகமில்லை. கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, கையில் பாதி உரித்த பழத்தோடு நேராக விரிப்புக்கு வந்தார். நான் எதிரே நிற்கிறேன். என்னைப் பார்க்கிறார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தள்ளிக்கம்மா, அவன் பின்னாடி வரான் என்றார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? எண் என் நெஞ்சில், ஓடி வந்தது என் கால், எல்லாம் தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யார் யாரோ வந்தார்கள். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாகக் கொடியோடு வருகிறவர் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் அத்தை, அவர் எண்ணில் நான்தான் ஓடினேன் என்று சொன்னது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நம் பெண் அழுதுவிட்டாள். ஸ்டுடியோக்காரர் மைக்கை அணைத்துவிட்டு வந்து, அத்தைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அத்தை பழத்தை என் கையில் வைத்து, நீயாவது சாப்பிடு, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு திட்டுகூட விழவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயந்திரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். கண்ணாடிக் கடைக்காரியின் மாமியார் பழைய கண்ணாடியோடே காலம் தள்ளுகிறார் என்று நான் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன், உங்களுக்கே தெரியும். அவர் சொன்னார்: அவன் பேரக் கேட்டதும் எனக்குக் கண்ணு பளிச்சுனு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுடி, அந்த முக்குல அவன் திரும்பறதைப் பார்த்தேன். சொல்லிவிட்டு, இதை அவன்கிட்ட சொல்லிடாத, சங்கடப்படுவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தை பேச்சை மீறுவது எனக்குப் புதிதா?

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில். 'உங்க இஷ்டம்' என்று நான் சொன்னது பொய். எனக்கும் ஒரு இஷ்டம் இருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

மாமாவின் கடைசி நேரத்தில் வந்து சேர முடியவில்லை என்பதால்தான் அதற்கப்புறம் நீங்கள் லீவே கேட்பதில்லை. எனக்குத் தெரியும். வேலை அதிகம், ஆள் இல்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று நீங்கள் சொல்வதையெல்லாம் நம்புகிற மாதிரி நடித்து நடித்து எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் மேல் யாருக்கும் வருத்தமில்லை. மாமாவுக்கு இல்லவே இல்லை, அவர் வாயால் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். கட்டிலில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது, பழகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். பழகவில்லை. அந்தப் பக்கம் இன்னும் நான் புரண்டுகூடப் படுப்பதில்லை. வந்து என்ன வேலை பார்ப்பது என்று கவலைப்படாதீர்கள். பஸ் டிப்போவில் வண்டி தூக்கும் கிரேனுக்கு ஆள் தேடுகிறார்களாம், நெட்டை விசாரித்து வைத்திருக்கிறார். துறைமுகம் மாதிரி வானத்தில் உட்கார முடியாது. தரையில் எங்களோடு இருக்கலாம்.

ஓட்டக் குழு டாக்டரம்மா நேற்றுக் கடைக்கே வந்தார். கண்ணாடி பார்க்கிற சாக்கில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். வழியில் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அட்டையில் போட்டிருக்கும் உங்கள் ரத்த வகையைப் பார்த்து ரத்தம் ஏற்றியிருப்பார்களாம். நியாயம்தானே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டேன். அடுத்த வருடத்திலிருந்து அவரவர் எண்ணை அவரவரே நேரில் வந்து வாங்க வேண்டுமாம். நெட்டை வந்தாலும் கிடையாது, நான் போனாலும் கிடையாது. அதனால் அங்கிருந்து பெயர் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற வேலை இனி நடக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் இறங்காதீர்கள். முன்னைப் போல ஓட முடியுமா, மூச்சு வாங்குமே என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். நீங்கள் ஓடவே வேண்டாம். அந்த ஆரஞ்சு மேசைக்குப் பக்கத்தில், அத்தை கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நில்லுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
என் பெயரிலேயே அடுத்த ஓட்டம் ஓடப் போகும்
உங்கள் மனைவி