கறுப்பு அடுக்கில் வைத்த காம்பஸ்

மார்ச் 4

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாளை நிலவியல் மாணவர்களோடு மலைக்குப் போகிறோம். துறைத்தலைவரும் வருகிறார். என் மனைவியின் அண்ணன். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

மார்ச் 5

பாறைக்குழம்பு பூமிக்கடியில் மெல்ல ஆறும்போது கனமான படிகங்கள் அடியில் தங்கிவிடும். அதனால்தான் இந்த மலை கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அவரோடு பார்த்தால் அலுக்கிறது.

மலையடியை வெட்டி ரோடு போடுகிறார்கள். நேர் கீழே வேலையாட்களின் தகரக் கொட்டகைகள். கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள். அடுக்குகள் மலைக்குள் சாய்கின்றன, சரியாது என்கிறது துறைத்தலைவர் வரைந்த வரைபடம். அதை நம்பித்தான் வெட்டுகிறார்கள்.

மார்ச் 6

ஒரு மாணவி காம்பஸைக் கறுப்பு அடுக்கின் மேல் வைத்தாள். "சார், முள்ளு திரும்புது. தூக்குனா சரியாயிடுது."

கறுப்பு அடுக்கு முழுக்கக் காந்தக்கல். மூடுபனியில் பள்ளத்தாக்கு தெரியாத ஒரு நாளில், அதன் மேல் காம்பஸை வைத்து, தலைகீழாகத் திரும்பிய முள்ளை நம்பிச் சாய்வின் திசையை வரைந்தார் துறைத்தலைவர். இன்று வெயில். வெறும் கண்ணுக்கே தெரிகிறது: அடுக்குகள் வெளியே, ரோட்டைப் பார்த்துச் சாய்கின்றன. அடியை வெட்டினால் எதன் மேல் நிற்கும்?

அவர் வரைந்த அன்றே துறைக் கூட்டத்தில் ஒரு முறை சொன்னேன். யாரும் கேட்கவில்லை; அதன் பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். இன்றும் சொன்னேன். தோளில் கை போட்டார். "மாப்பிள்ளை, கோபம் என் மேல. பாவம், கல்லு என்ன பண்ணுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் காம்பஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8

"மறுபடியும் எங்க அண்ணனோட மல்லுக்கு நின்னீங்களாமே?"

"அவர் போட்ட படம் தப்பு."

"நாற்காலி கிடைக்கலைன்னு சொல்லுங்க."

அதுவும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருக்கக் கூடாதா?

மார்ச் 9

மழை. அந்தச் சின்னச் சட்டைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

மார்ச் 11

ரோடு பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன். பாதிக்கு மேல் நாற்காலிக் கதை. அடித்துவிட்டேன். மிஞ்சியது கொஞ்சம்தான்: காம்பஸைக் கறுப்புக் கல்லில் வைத்துப் பாருங்கள், தள்ளி நின்று அடுக்குகளின் சாய்வைக் கண்ணாலும் பாருங்கள். அதுவரை வெட்டாதீர்கள். கொட்டகைகளை இன்றே மாற்றுங்கள்.

கீழே என் பெயர். இந்த விஷயத்தில் என் பெயர் வர வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தேன்? ஆனால் பெயரைப் பார்த்ததும் அவருக்குத்தான் போன் போடுவார்கள். "அட, நம்ம மாப்பிள்ளையா" என்பார். அதோடு முடிந்தது. பெயர் இல்லாவிட்டால் யாரிடம் விசாரிப்பார்கள்? கல்லிடம்தான்.

வேறு தாளில் பெயர் இல்லாமல் எழுதி உறையை ஒட்டிவிட்டேன். மொட்டைக் கடிதம் போடுகிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. காலையில் தபாலில் சேர்க்கிறேன்.