பிளேஓஃப் இல்லாத ஏப்ரல்

ஏப்ரல் 1997, சனி இரவு

எங்கள் கூடைப்பந்து அணி, சீசன் முடிவில் வெல்லும் அணிகள் மட்டும் ஆடுகிற பிளேஓஃப் சுற்றுக்குப் போகவில்லை. அரங்கில் எங்கள் பொப்கோர்ன் கவுண்டருக்கும் இன்றோடு பூட்டு.

என்னோடு வேலை செய்யும் ரவி, மெஷினைத் துடைத்தபடி கேட்டார்: "ஏன் முகம் வாடிப்போச்சு? உமக்கு இந்த விளையாட்டில அவ்வளவு விருப்பமோ?"

"ஓம், சரியான விருப்பம்."

சீசன் முழுக்க ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

"கவலைப்படாதேயும். மற்ற ஊர் அணியள் விளையாடுறதை ரீவியில பாக்கலாம்தானே."

இந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்காது.

வழக்கம்போல ஸ்காபரோ பஸ்ஸில் என் பக்கத்துச் சீற்றில் இருந்தபடி வந்தார். மோர்னிங்சைட்டில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த கிழமை பிளேஓஃப் தொடங்குகிறது. வெல்லுகிற ஊர்களில் பொப்கோர்ன் விற்கிறவர்கள் இன்னும் கொஞ்ச நாள் ஒன்றாக பஸ் ஏறுவார்கள்.